நாலாவது கை

கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்குப் போகிற பஸ்ஸில் நான் கண்டக்டர். பெயர் அறிவுச்செல்வன். காலையில் மலையை விட்டு வண்டி இறங்கி வரும்போது, கச்சிராயபாளையத்துக்கு முந்தின நிறுத்தத்தில் மலர்விழி ஏறுவாள். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு தலையை மட்டும் அசைப்பாள். இடம் காலியாகக் கிடந்தாலும் உடனே உட்கார மாட்டாள். சுற்றி ஒரு முறை பார்த்து, வேறு யாரும் வரவில்லை என்று தெரிந்த பிறகுதான் ஓரமாக உட்காருவாள்.

அவள் அப்பா இருசப்பனும் அம்மா செல்லியம்மாளும் கரும்பு வெட்டுகிற கூலிக்காரர்கள். சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது. மலர்விழி அரசு கல்லூரியில் கணிதம் எடுத்து இரண்டாவது வருஷம் படித்துக்கொண்டிருந்தபோது, லோடு ஏற்றிய டிராக்டரிலிருந்து இருசப்பன் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். அதோடு படிப்பு நின்றது. துருகம் ரோட்டில் தமிழரசன் வைத்திருந்த மொபைல் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். போனுக்குக் கண்ணாடி ஒட்டுவது, கவர் எடுத்துக் காட்டுவது, ரீசார்ஜ் போடுவது என்று நாள் முழுக்க நின்றபடி வேலை.

தமிழரசன் தியாகதுருகம் பக்கத்து விவசாயக் குடும்பம். கரும்பும் கிணறும் உள்ள வீடு. பெங்களூரில் சில வருஷம் கம்பெனி வேலை பார்த்துவிட்டு ஊருக்கே திரும்பி வந்து கடை போட்டவர். வரும்போது ஒரு பெட்டி நிறைய கார்டுகளையும் கொண்டுவந்தார். அந்த ஆட்டத்துக்கு நாற்கோட்டை என்று பெயர்.

நாம் பார்த்த ரம்மி, மூணு சீட்டு மாதிரி இல்லை அது. கார்டுகளை மூடிய பாக்கெட்டில் விற்பார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்தால்தான் தெரியும். வேண்டாததை அடுத்தவரோடு மாற்றிக்கொள்ளலாம். அப்படிச் சேர்த்ததிலிருந்து அறுபது கார்டைப் பொறுக்கி ஒவ்வொருத்தரும் தனக்கென்று ஒரு கட்டு வைத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஆடுவது. ஆளுக்கு ஒரு கோட்டை. தன் முறை வரும்போது ஒரு கார்டு எடுக்கலாம், கொஞ்சம் தானியம் கிடைக்கும். அந்தத் தானியத்தைச் செலவழித்து காலாள், குதிரை, யானை என்று படை இறக்கி, மற்ற மூன்று பேரில் யார் கோட்டையை வேண்டுமானாலும் அடிக்கலாம். செலவாகாத தானியம் கிடங்கில் சேரும். அடி விழ விழக் கோட்டையின் உயிர் குறையும், அது தீர்ந்தால் அந்த ஆள் வெளியே. கடைசி வரை நிற்கிற கோட்டை ஜெயித்தது. ஆடும்போது வாய் விட்டுப் பேரம் பேசலாம், கூட்டுச் சேரலாம்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஓய்வு. மதியத்துக்கு மேல் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கண்ணாடிக் கவுண்டர் மேலேயே ஆடுவோம். தமிழரசன், நான், பக்கத்து மருந்துக்கடை பாரதி, அப்புறம் பாரதியின் நண்பன் ஒருவன். அந்த நண்பன் திருப்பூருக்குப் போய்விட்டான். இரண்டு வாரம் ஆட்டமே இல்லை. மூன்றாவது ஞாயிறு, மலர்விழி கணக்கை முடித்துக் கிளம்பும்போது தமிழரசன் கூப்பிட்டார்.

"மலரு, ஒரு கை குறையுது. செத்த நேரம் உக்காரு. எப்டி ஆடுறதுன்னு நான் சொல்லிக்கினே வர்றேன். ஒரு கட்டும் தர்றேன்."

"எங்கிட்ட கட்டு கீதுங்கண்ணா" என்றாள்.

நாங்கள் மூன்று பேரும் திரும்பிப் பார்த்தோம். கவுண்டருக்குக் கீழே இருந்த ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து வைத்தாள். நாங்கள் பாக்கெட் பிரித்து, இது உதவாது என்று ஒதுக்கிப் போட்ட கார்டுகள் அந்த டப்பாவில்தான் கிடக்கும். அதிலிருந்து அறுபதை எடுத்து ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தாள்.

"நீங்க ஆடுறத பாத்துக்கினே இருப்பேன். சும்மா சேத்து வச்சேன்" என்றாள்.

முதல் சில வாரம் அவள்தான் முதலில் வெளியே போவாள். அடி வாங்கினாலும் முகம் மாறாது. பிறகு மெதுவாக இரண்டாவது இடத்துக்கு வந்தாள். மழை பெய்த ஒரு ஞாயிறு, பாரதியும் நானும் மாறி மாறி அடித்துக்கொண்டு ஓய்ந்து போயிருந்தோம். தமிழரசன் என் கோட்டையை முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தபோதுதான் மலர்விழியின் கோட்டையில் ஒரு கீறல்கூட விழவில்லை என்று தெரிந்தது. அடுத்த முறை அவள் படை இறக்கினாள். அதோடு ஆட்டம் முடிந்தது.

"இது எப்ப நடந்துச்சு?" என்றான் பாரதி.

மறுநாள் காலை பஸ்ஸில் டிக்கெட் கொடுக்கும்போது நானே கேட்டேன். கூட்டம் இல்லை. அவள் டிக்கெட்டை மடித்துக்கொண்டே சொன்னாள்.

"ரெண்டு பேர் ஆட்டம்னா அடிக்கிறதுதான் சரிங்கண்ணா. அவருக்குக் கொறஞ்சா நமக்கு லாபம். நாலு பேர் ஆட்டத்துல அப்டி இல்ல. நான் உங்கள அடிச்சா என் படையும் போவுது, உங்க படையும் போவுது. சும்மா உக்காந்திருக்கிற ரெண்டு பேருக்குத்தான் லாபம். அதனால அடிக்கிறத கம்மி பண்ணிட்டேன்."

"அடிக்காம எப்டி ஜெயிக்கிறது?"

"யாராச்சும் ஒருத்தர் மேல வந்துருவாங்க. அவங்கள எல்லாரும் சேந்து எறக்குவாங்க. அப்ப நான் ரெண்டாவதா இருந்தா போதும். முதல்ல இருக்கக்கூடாது, கடைசிலயும் இருக்கக்கூடாது."

இன்னும் ஒன்று சொன்னாள். நாங்கள் எல்லாரும் மேஜை மேல் இறங்கியிருக்கிற படையைத்தான் பார்ப்போமாம். அவள் ஒவ்வொருத்தர் கையில் எத்தனை கார்டு மிச்சம் இருக்கிறது, கிடங்கில் எவ்வளவு தானியம் இருக்கிறது என்று பார்ப்பாளாம். "மேஜை மேல இருக்கிறது போன சுத்து பலம். கையில இருக்கிறதுதான் அடுத்த சுத்து பலம்" என்றாள். அதற்குள் கள்ளக்குறிச்சி வந்துவிட்டது. அவ்வளவு நீளமாக அவள் பேசி அதுவரை நான் கேட்டதில்லை.

ஊரில் பேச்சு கிளம்பியது. ஞாயிற்றுக்கிழமை ஷட்டரைப் பாதி மூடிக்கொண்டு ஆம்பிளைகளோடு சீட்டாடுகிறாள் என்று யாரோ செல்லியம்மாளிடம் சொல்லிவிட்டார்கள். அடுத்த ஞாயிறு செல்லியம்மாள் கடைக்கே வந்துவிட்டார். ஷட்டருக்குக் கீழே குனிந்து உள்ளே வந்து, புடவையைச் சரி செய்துகொண்டு நின்றார். மலர்விழி தன் கார்டுகளைக் கவிழ்த்து வைத்தாள்.

"இதுதான் சீட்டா?" என்றார். பாரதி ஒரு யானைக் கார்டை நீட்டினான். அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "துட்டு கட்டுவீங்களா?"

"இல்லம்மா, துட்டெல்லாம் கெடையாது" என்றேன்.

தமிழரசன் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். செல்லியம்மாள் ஸ்டூல் நுனியில் உட்கார்ந்து ஆட்டம் முடியும் வரை பார்த்தார். நடுவில் தமிழரசனைக் காட்டி மகளிடம் கேட்டார், "ஏம்மா, இவர்கிட்டதான் யானை ஜாஸ்தி நிக்குது. இவர வுட்டுட்டு நீங்க மூணு பேரும் ஏன் ஒருத்தர ஒருத்தர் அடிச்சிக்கிறீங்க?"

பாரதி கார்டுகளை அடுக்குவது போல் குனிந்துகொண்டான். கடை தமிழரசனுடையது, கார்டு அவருடையது, பாரதியின் மருந்துக்கடைக் கட்டடமும் அவர் சித்தப்பாவுடையது. அவரை முதலில் அடிப்பதில்லை என்று நாங்கள் யாரும் பேசி வைத்துக்கொண்டதில்லை. தமிழரசன்தான் முதலில் சிரித்தார். "நல்லா கேட்டாங்க" என்றார். ஆனால் அன்றைக்கும் ஜெயித்தது அவர்தான்.

போகும்போது செல்லியம்மாள் மகளிடம் சொன்னது இதுதான்: "ஆடு. ஆனா ஷட்டர முழுசா தொறந்து வச்சி ஆடுங்க."

அதற்குப் பிறகு ஷட்டர் முழுசாகத் திறந்தே இருந்தது. போகிற வருகிறவர்கள் நின்று பார்க்க ஆரம்பித்தார்கள்.

அடுத்த வருஷம் வட மாவட்டங்களுக்கான போட்டி விழுப்புரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடப்பதாக அறிவித்தார்கள். ஜெயிக்கிற ஒருத்தர் பெங்களூரில் நடக்கும் அகில இந்தியப் போட்டிக்குப் போகலாம். நாங்கள் நாலு பேருமே பெயர் கொடுத்தோம். தமிழரசனுக்கு பெங்களூர் போக வேண்டும் என்பது பல வருஷத்து ஆசை. அங்கே வேலை பார்த்தபோது இரண்டு முறை முயன்று தோற்றிருந்தார்.

போகும் வழியில் உளுந்தூர்பேட்டையில் இறங்கிச் சாப்பிட்டோம். லாரிக்காரர்கள் நிறைந்த ஓட்டல். இட்லி வந்தது. தமிழரசன் சாம்பாரை ஊற்றிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார்.

"மலரு, கடைசி டேபிள்ல நாம ரெண்டு பேரும் இருந்தோம்னு வையி. எனக்கு வுட்டுக் குடுத்துடு. உனக்கு இன்னும் வயசு கீது. அடுத்த வருஷம் நீ போ. இன்னா சொல்ற?"

மலர்விழி இட்லியைப் பிட்டபடி இருந்தாள். பாரதி என் காலை மேஜைக்குக் கீழே மிதித்தான்.

"ஆட்டத்துக்கு வெளிய இதப் பேசக்கூடாதுன்னு ரூல்ல போட்டிருக்காங்கண்ணா" என்றாள் அவள்.

தமிழரசன் சத்தமாகச் சிரித்தார். "பாத்தியா, ரூலெல்லாம் படிச்சிட்டு வந்திருக்கு" என்று என்னிடம் சொன்னார். அவள் சம்மதித்துவிட்டாள் என்றே எடுத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

மண்டபத்தில் முதல் சுற்றிலேயே நான் வெளியே போனேன். பாரதியும் போனான். அவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. யாராவது அவனை ஒரு முறை அடித்துவிட்டால், ஆட்டம் முடியும் வரை அவர்களையே திருப்பி அடிப்பான். தன் கோட்டை போனாலும் பரவாயில்லை என்று அடிப்பான். அங்கே ஒருத்தர் அதைப் புரிந்துகொண்டு அவனை இன்னொருவர் மேல் ஏவிவிட்டு வேடிக்கை பார்த்தார். நாங்கள் இரண்டு பேரும் டீ குடித்துவிட்டு மலர்விழியின் மேஜைக்குப் பின்னால் போய் நின்றோம்.

அவளை அங்கே யாருக்கும் தெரியாது. கார்டு கட்டும் அழுக்கேறிப் பழசாக இருந்தது. எதிரில் இருந்தவர்கள் பளபளவென்று உறை போட்ட கார்டுகளை அடுக்கிக்கொண்டு ஒருத்தரை ஒருத்தர் கவனித்தார்கள். அவளை யாரும் கவனிக்கவில்லை. இரண்டு மேஜையில் அப்படியே ஜெயித்தாள். மூன்றாவதில் கொஞ்சம் திணறினாள். ஆனால் ஒருவரோடு சின்னதாக ஓர் ஒப்பந்தம் போட்டாள்: நான் உன் குதிரையைத் தொட மாட்டேன், நீ என் காலாளைத் தொடாதே, ஒரு சுற்றுக்கு மட்டும். சொன்னபடி காப்பாற்றினாள். அடுத்த சுற்றில் அவர் தானாகவே அதை நீட்டித்தார். அதில் அவளுக்கு நேரம் கிடைத்தது, ஜெயித்தாள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கடைசி மேஜை. மலர்விழி, அவளுக்கு இடது பக்கம் தமிழரசன், அவரை அடுத்து கடலூரிலிருந்து வந்த தெய்வசிகாமணி என்கிற வங்கி ஊழியர், கடைசியாகத் திருவண்ணாமலைக் கல்லூரி மாணவன் கவியரசன். முறை அந்த வரிசையில் போகும்.

கார்டு குலுக்கும்போதே தெய்வசிகாமணி கேட்டார். "நீங்க ரெண்டு பேரும் ஒரே கடைன்னு சொன்னாங்க. இவர் முதலாளியா?"

"ஆமா" என்றார் தமிழரசன்.

"அப்படின்னா தம்பி, நாம ரெண்டு பேரும் சேர வேண்டியதுதான்" என்று தெய்வசிகாமணி கவியரசனைப் பார்த்துச் சொன்னார். அவனும் தலையாட்டினான்.

அதுவரை யார் கண்ணிலும் படாமல் ஜெயித்துக்கொண்டு வந்தவள், அந்த மேஜையில் முதல் நிமிஷத்திலேயே எல்லார் கண்ணிலும் பட்டாள். இரண்டு பேரும் சேர்ந்து முதலில் பலவீனமானவளை முடித்துவிடலாம் என்று அவளையே அடித்தார்கள். அவள் கோட்டை மளமளவென்று இறங்கியது. தமிழரசன் அவளைத் தொடவும் இல்லை, அவளுக்காகக் கை நீட்டவும் இல்லை. அந்த நேரத்தைப் பயன்படுத்தி ஒன்றன்பின் ஒன்றாக யானை இறக்கினார். மற்ற இருவரும் அவளை அடிப்பதில் மும்முரமாக இருந்ததால் அதைக் கவனிக்கவில்லை. கவனித்தபோது தமிழரசன் முன்னால் யானைகள் வரிசையாக நின்றன. அவர் முறை வந்தால் எதிரில் எந்தக் கோட்டையும் தாங்காது.

ஆனால் அதற்கு முன் மலர்விழியின் முறை.

அவள் கையில் என்ன இருக்கிறது என்று பின்னால் நின்ற எனக்குத் தெரிந்தது. வெள்ளம் என்று ஒரு கார்டு. அதைப் போட்டால் மேஜை மேல் இருக்கிற எல்லார் படையும் அடித்துக்கொண்டு போய்விடும், போட்டவர் படையும் சேர்த்து. அவள் அதைக் கொஞ்ச நேரமாகவே கையில் வைத்திருந்தாள். அடி விழுந்துகொண்டிருந்தபோதுகூடப் போடவில்லை. கூடவே இன்னும் நாலைந்து கார்டு இறக்காமல் வைத்திருந்தாள். கிடங்கிலும் தானியம் இருந்தது. மற்ற மூன்று பேர் கையும் கிட்டத்தட்ட காலி.

"பாத்து ஆடு மலரு" என்றார் தமிழரசன், மெதுவாக.

அவள் சட்டென்று போட்டுவிடுவாள் என்று நினைத்தேன். போடவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து, மற்ற இரண்டு பேரையும் பார்த்துப் பேசினாள். மண்டபத்தில் பாதிப் பேருக்குக் கேட்கிற மாதிரி பேசினாள்.

"இவரு முறை வந்துச்சின்னா ஆட்டம் முடிஞ்சிடும். உங்க ரெண்டு பேர்கிட்டயும் தடுக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல. எங்கிட்ட கீது."

"நீங்க அவரோட ஆளு. உங்கள நம்பி நாங்க இன்னா பண்றது?" என்றான் கவியரசன்.

அவள் வெள்ளம் கார்டை மேஜை மேல் திருப்பிக் காட்டினாள். காட்டுவதற்கு விதி இடம் கொடுக்கிறது.

"நான் கடையில அவருகிட்ட வேல செய்யறேன். இங்க நான் அவரோட ஆள் இல்ல. இத நான் போடுறேன். போட்டா என் படையும் போவும். என் கோட்டையில உயிரும் கம்மி. அதனால ஒரு சுத்து, ஒரே ஒரு சுத்து, நீங்க ரெண்டு பேரும் என்ன தொடக்கூடாது. சரின்னா போடுறேன். இல்லன்னா போட மாட்டேன், அவரே ஜெயிக்கட்டும்."

தெய்வசிகாமணி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "மெரட்டுறியாம்மா?"

"இல்லைங்க. விலை சொல்றேன்."

கவியரசன் சிரித்துவிட்டான். "ஒரு சுத்துதான" என்றான். தெய்வசிகாமணியும் சரி என்றார். அவள் கார்டைப் போட்டாள். எல்லார் படையும் மேஜையை விட்டுப் போனது. தமிழரசன் தன் யானைகளை எடுத்து அடுக்கிய விதத்தைப் பார்த்து பாரதி என் பின்னால் ஒளிந்துகொண்டான்.

அடுத்தது தமிழரசன் முறை. ஒப்பந்தத்தில் அவர் இல்லை. ஒரு கார்டு எடுத்தார். குதிரை. இறங்கிய உடனே அடிக்கக்கூடியது. தெய்வசிகாமணி கோட்டைதான் அப்போது எல்லாவற்றையும்விடப் பலமாக இருந்தது. அதை அடித்திருக்க வேண்டும். அவர் மலர்விழியை அடித்தார். அவள் கோட்டை ஒரு மயிரிழையில் தப்பியது.

மற்ற இரண்டு பேரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள். ஆளுக்கு ஒரு காலாளை மட்டும் இறக்கிவிட்டு, அவளைத் தொடாமல் விட்டார்கள். மறுபடி மலர்விழி முறை வந்தபோது, வைத்திருந்த கார்டையெல்லாம் இறக்கினாள். ஏறக்குறையக் காலியாகக் கிடந்த மேஜையில் அவள் படை மட்டும் நிறைந்து நின்றது. தெய்வசிகாமணி தன் கையில் இருந்த ஒரே கார்டையும் அவள் படையையும் மாறி மாறிப் பார்த்தார். "அடடா, இதுக்குத்தான் ஒரு சுத்து கேட்டியா" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. அதன்பின் கொஞ்ச நேரம் இழுத்தது. தமிழரசன் கோட்டை முதலில் போனது. கடைசியாக தெய்வசிகாமணி கோட்டை விழுந்தபோது அவரே எழுந்து கை நீட்டினார்.

மலர்விழிக்கு ஒரு கேடயமும் பெங்களூருக்கான கடிதமும் கொடுத்தார்கள். போட்டோ எடுத்தார்கள். பாரதி விசிலடித்தான். தமிழரசன் மண்டபத்தில் இல்லை. வெளியே பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தார். திரும்பி வரும்போது டிரைவருக்குப் பின்னால் முதல் சீட்டில் உட்கார்ந்தவர் ஊர் வரும் வரை திரும்பவே இல்லை.

மறுநாள் முதல் கடையில் அவர் அவளிடம் வேலைக்கு வேண்டியதைத் தவிரப் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஷட்டர் முழுசாக மூடியிருந்தது. அதற்கடுத்த ஞாயிறும் அப்படித்தான். பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வருவாள்.

ஒருநாள் சொன்னாள். "வேலைய வுட்டுடலாம்னு பாக்கறேங்கண்ணா. சேலம் ரோட்டுல ஒரு கடையில ஆள் கேக்கறாங்க."

"ஆட்டத்துல தோத்தாரு, அவ்ளோதான. கொஞ்ச நாள்ல சரியாயிடும்."

"தோத்ததுக்குக் கோவம் இல்லண்ணா. அவரு எத்தினியோ தடவ தோத்திருக்காரு. அவரோட ஆள் இல்லன்னு எல்லார் எதிர்லயும் சொன்னேனே, அதுக்குத்தான் கோவம்."

நான் கேட்டேன். "சொன்னது தப்புன்னு நெனைக்கிறியா?"

"இல்ல. அத சொல்லலன்னா அவங்க நம்பியிருக்க மாட்டாங்க. அது உண்மையுந்தான்."

அன்று சாயங்காலம் நான் கடைக்குப் போய் தமிழரசனிடம் இதைச் சொன்னேன். வேலையை விடப் பார்க்கிறாள் என்று மட்டும் சொன்னேன். அவர் ஒரு போனைக் கழற்றி வைத்துக்கொண்டு திருப்புளியைத் தேடிக்கொண்டிருந்தார். "ம்" என்றார். அவ்வளவுதான்.

அந்த ஞாயிறு பாரதி எனக்குப் போன் செய்தான். ஷட்டர் திறந்திருக்கிறது, வா என்றான். போனபோது மலர்விழி கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தாள். தமிழரசன் தன் கார்டுகளையெல்லாம் கண்ணாடி மேல் பரப்பி, விழுப்புரத்து ஆட்டத்தை அப்படியே அடுக்கி வைத்திருந்தார். யானைகள், அவள் காலாள்கள், மற்ற இருவர் படை எல்லாம் ஞாபகம் வைத்து அடுக்கியிருந்தார்.

"இங்க பாரு" என்றார், யாரையும் பார்க்காமல். "வெள்ளம் போட்ட அப்புறம் எனக்குக் குதிர வந்துச்சி. அத நான் கடலூர்க்காரர் மேல வுட்டிருக்கணும்."

"ஆமாங்கண்ணா" என்றாள் மலர்விழி. "அவர அடிச்சிருந்தீங்கன்னா அவரு பயந்து உங்க மேல திரும்பியிருப்பாரு. நீங்க ரெண்டு பேரும் அடிச்சிக்கினு இருந்திருப்பீங்க."

"அப்ப உனக்குத்தான லாபம்?"

"இல்லண்ணா, கவியரசனுக்கு. அவன யாரும் தொடல பாருங்க. அவந்தான் ஜெயிச்சிருப்பான்."

தமிழரசன் கார்டுகளையே பார்த்தார். விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். பிறகு "ச்சே" என்று சொல்லிச் சிரித்துவிட்டார். "பாரதிய எத்தினி தடவ திட்டியிருப்பேன், கோவத்துல ஆடாதன்னு."

"இப்பவாச்சும் தெரிஞ்சுதா" என்றான் பாரதி.

தமிழரசன் மன்னிப்புக் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை. நாலு பேரும் உட்கார்ந்து ஆடினோம். அன்றுதான் முதல் முறையாக, ஆட்டம் ஆரம்பித்த இரண்டாவது சுற்றிலேயே மலர்விழி தமிழரசன் கோட்டையை அடித்தாள். அவர் "ஓ" என்றார். நானும் அடித்தேன். நன்றாகத்தான் இருந்தது. சேலம் ரோட்டுக் கடைப் பேச்சை மலர்விழி அதன்பின் எடுக்கவில்லை.

பெங்களூர் போவதற்கு முந்தின வாரம் தமிழரசன் தன் பெட்டியைத் திறந்து அவள் முன்னால் தள்ளினார். "எது வேணுமோ எடுத்துக்கோ. அங்க எல்லாரும் நல்ல கார்டா வச்சிருப்பாங்க." அவள் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு இரண்டே இரண்டு கார்டு எடுத்தாள். யானை எதையும் எடுக்கவில்லை.

செல்லியம்மாள் கூடப் போனார். எனக்கு விடுமுறை கிடைக்கவில்லை. தமிழரசன்தான் வழி தெரிந்தவர் என்று அழைத்துப் போனார். அவர் சொன்னதை வைத்துத்தான் மிச்சத்தை எழுதுகிறேன். முதல் மேஜையில் ஒரு பஞ்சாபிப் பையன், ஒரு மலையாளப் பெண், ஒரு மராட்டிக்காரர். மலர்விழிக்கு இங்கிலீஷ் படிக்க வரும், பேச வராது. பேரம் பேசாமல் எப்படி ஆடுவாள் என்று தமிழரசன் கவலைப்பட்டிருக்கிறார். அவள் விரலைக் காட்டி, கார்டைக் காட்டி, "ஒன் ரவுண்ட், யூ மீ நோ" என்று சொல்லியே ஒப்பந்தம் போட்டிருக்கிறாள். அந்த மேஜையில் ஜெயித்தாள். அடுத்த மேஜையில் மும்பையிலிருந்து வந்த ஒரு அம்மாவிடம் தோற்றாள். அந்த அம்மாவுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்குமாம். கடைசி வரை யாரையும் அடிக்காமல், எல்லாரோடும் சிரித்துப் பேசிக்கொண்டே ஜெயித்தாராம்.

திரும்பி வந்த திங்கட்கிழமை பஸ்ஸில் ஏறியவள் டிக்கெட் வாங்குவதற்கு முன்னாலேயே ஆரம்பித்துவிட்டாள். "அந்த அம்மா எப்டி ஜெயிச்சாங்கன்னு இன்னும் புரியலண்ணா. என்னோட வழிதான், ஆனா பேசிக்கினே பண்றாங்க. நான் வாய மூடிக்கினு பண்ணேன். பேசிக்கினே பண்ணா இன்னும் நல்லா ஒளிஞ்சிக்கலாம் போல."

இப்போது ஞாயிற்றுக்கிழமை மூன்று மேஜை போடுகிறார்கள். மருந்துக்கடை மாடியில் இடம் கிடைத்தது. தியாகதுருகத்திலிருந்தும் மூங்கில்துறைப்பட்டிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். பெண்கள் ஏழெட்டுப் பேர். விட்ட பட்டப்படிப்பைத் தொலைதூரக் கல்வியில் மறுபடி எழுதுகிறாள் மலர்விழி. ஒரு பாடம் தவிர எல்லாம் முடித்துவிட்டாள். அவளைப் பார்த்தால் எல்லாரும் முதலில் அவளைத்தான் அடிக்கிறார்கள். ஜெயிப்பது குறைந்துவிட்டது.

போன ஞாயிறு பாரதி ஜெயித்தான். யாரோ அவனை அடித்தபோது திருப்பி அடிக்காமல், பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு சுற்று சும்மா இருந்தான். ஜெயித்ததும் கீழே ஓடிப்போய் தெருவுக்கெல்லாம் பாதுஷா வாங்கிக் கொடுத்தான். மலர்விழிக்கு உண்மையாகவே எரிச்சல். பாதுஷாவை வாயில் போட்டுக்கொண்டு தன் அறுபது கார்டையும் தரையில் பரப்பிவிட்டாள். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நான் கூப்பிட்டேன்.

"செத்த இருங்கண்ணா" என்றாள். "இதுல ரெண்டு கார்டு தப்பா கீது. எதுன்னு பாத்துட்டு வந்துடறேன்."